சுகர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை: பொறுக்கலாமா, ஓட வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறார். இரண்டு மாதம் முன்பு டாக்டர் டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்த்து எழுதினார். கொஞ்ச நாளாக அடிக்கடி வயிற்றுப்போக்கு. வேட்டி கட்டும் இடத்தில் அரிப்பு என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். போன வாரம் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குச் சட்டையெல்லாம் நனைகிற அளவுக்கு வேர்த்து, ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினார். அம்மா சர்க்கரை போட்டுக் காபி கொடுத்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து பயந்துகொண்டு மாத்திரையை ஒரு நாள் போடுகிறார், ஒரு நாள் விடுகிறார். டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி. எதற்கெல்லாம் உடனே போக வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்? கந்த சஷ்டி விரதம் வருடம் தவறாமல் இருப்பார். இந்த வருடம் இருக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நீங்கள் முதலில் எழுதியிருப்பது வயிற்றுப்போக்கை. என்னைக் கவலைப்பட வைப்பது அந்த விடியற்காலை வியர்வை. அதனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

அன்று அப்பாவுக்கு வந்தது பெரும்பாலும் தாழ்சர்க்கரை, நம் வீடுகளில் 'லோ சுகர்' என்று சொல்வது. மீட்டரில் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வியர்வை, குழறல், இனிப்பு உள்ளே போனதும் தெளிவு என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் முதலில் நினைக்கத் தோன்றாது. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடும் விஷயம் இல்லை இது. அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்காமல் நாளைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் எந்த எம்.டி. டாக்டரிடமாவது போய், இரவு டோஸைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். கடிதத்தை வைத்து நான் டோஸ் மாற்றிச் சொல்வது சரியாக இருக்காது. மாற்ற வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

காரணம் கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. நீங்கள் நாலு இட்லி சாப்பிட்டீர்களா, ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டீர்களா என்று அது பார்ப்பதில்லை. மாத்திரை உள்ளே போய்விட்டால் இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கும். இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று மோர் மட்டும் குடித்துப் படுத்தால் மூன்று, நான்கு மணி வாக்கில் சர்க்கரை விழும். அப்பாவுக்கு வயிற்றுப்போக்கும் இருந்திருக்கிறது. சாப்பாடு குறைந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கிளிமிபிரைடு ஒரு முறை போட்டால் அதன் வேலை கிட்டத்தட்ட ஒரு நாள் நீடிக்கும். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்த பெரியவர்களுக்கு அதற்கும் மேல். அதனால் காபியில் தெளிந்தவர் இரண்டு மணி நேரத்தில் மறுபடி சரியலாம். இந்த வகை மாத்திரையால் மயக்கம் வரைக்கும் போனவரை, குளுக்கோஸ் ஏற்றிக் கண் திறந்த பிறகும், ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். 'அதுதான் நல்லா பேசுறாரே, எதுக்கு அட்மிஷன், பில் போடத்தான்' என்று சண்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்க்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மறுபடி வந்தால் என்ன செய்வது? முடிந்தால் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழ் என்றால் மோசம். மீட்டரைத் தேடுவதிலேயே நேரம் போகும் என்றால் பார்க்கவே வேண்டாம், முதலில் இனிப்பைக் கொடுங்கள். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அரை டம்ளர் தண்ணீரில். பால் காபி அவ்வளவு நல்லதில்லை. பாலில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீரோடு திரும்பப் படுக்க விடாதீர்கள்.

ஏன் குளுக்கோஸ் பவுடர், வீட்டுச் சர்க்கரை போதாதா? பெரும்பாலும் போதும். ஆனால் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகள் சிலவற்றில் வோக்ளிபோஸ் என்று ஒன்று இருக்கும். சாதாரணச் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸாக மாறுவதை அது தடுத்துத் தாமதப்படுத்தும். அந்த மாத்திரை போடுபவருக்குச் சர்க்கரையோ மிட்டாயோ கொடுத்துவிட்டு, ஏன் எழவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். குளுக்கோஸ் என்றால் உடைய வேண்டிய வேலையே இல்லை, நேராக ரத்தத்தில் சேரும். உங்கள் அப்பா போடுவதில் இது இல்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் ஒரு டப்பா கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, விழுங்க முடியவில்லை, வலிப்பு வருகிறது என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு முறை குளுக்கோஸ் கொடுத்தும் 70-ஐத் தாண்டவில்லை என்றாலும் கிளம்பிவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வேர்க்கிறது, மீட்டரில் பார்த்தால் 160 இருக்கிறது, அப்படியானால் லோ சுகர் இல்லை, கேஸாக இருக்கும் என்று இஞ்சி தட்டிக் கொடுப்பது வழக்கம். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம். வியர்வையும் மூச்சு வாங்குவதும் மட்டும்கூட இருக்கலாம். வியர்வைக்குத் தாழ்சர்க்கரை காரணம் இல்லை என்று தெரிந்தால் அடுத்து ஈ.சி.ஜி.தான், அதுவும் அப்போதே.

சரி, புதிதாகச் சேர்த்த மாத்திரைக்கு வருவோம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று '-ஃப்ளோசின்' என்று முடிகிற மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. 2020-இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிய பிறகு நிறையப் பேருக்கு எழுதப்படுகிறது. டாக்டர் அதைச் சேர்த்ததில் எந்தத் தவறும் இல்லை.

அரிப்பு அதனால் வருவதுதான். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது, அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்கிறது. ஆண்களுக்கு முன்தோல் சிவந்து வெடிக்கும், பெண்களுக்கு வெள்ளைப்படுதலோடு அரிப்பு வரும். இரண்டு, மூன்று நாளுக்குள் காட்டினால் போதும், பூஞ்சைக்கான களிம்பில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரில் கழுவித் துடைத்து உலர வைக்கச் சொல்லுங்கள். கடையில் தானாகப் போய் 'படை மருந்து' கேட்டு வாங்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், பூஞ்சை இன்னும் பரவும். அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தால் உங்கள் சகோதரரோ மாமாவோ யாராவது ஓர் ஆண் உடன் போகட்டும். டாக்டர் அறைக்குள் பெண் பிள்ளை இருப்பதாலேயே இதைச் சொல்லாமல் எழுந்து வருகிற அப்பாக்கள் நிறைய.

ஆனால் அரிப்பு வலியாக மாறினால் கதை வேறு. விதைப்பை, ஆசனவாய்ப் பக்கம் வீக்கம், சிவப்பு, தொட முடியாத வலி, கூடவே காய்ச்சல் அல்லது உடம்பு அடித்துப் போட்டது மாதிரி அசதி. சதை அழுகும் தொற்றாக இருக்கலாம். அரிது, ஆனால் மணிக்கணக்கில் பரவும். 2018-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த வகை மருந்துகள் அனைத்துக்கும் இந்த எச்சரிக்கையைச் சேர்த்தது. ராத்திரி இரண்டு மணி என்றாலும் அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இதே மருந்தில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. பலருக்கும் தெரியாதது, படித்தவர்களையும் ஏமாற்றிவிடுவது. உடம்பில் கீட்டோன் என்ற அமிலம் தேங்கி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு இரைப்பு, அடித்துப் போட்ட அசதி என்று வரும். சாதாரணமாக இந்த நிலை வரும்போது சர்க்கரை 300, 400 என்று இருக்கும். பார்த்தவுடன் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள். ஃப்ளோசின் போடுபவருக்குச் சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருப்பதால் மீட்டர் 180 காட்டும், சில சமயம் அதற்கும் கீழே. 'சுகர் நார்மல், ஃபுட் பாய்சன்தான்' என்று ஓர் ஊசியோடு திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் ஐ.சி.யூ.வில் வந்து சேருகிறார்கள்.

அதனால் அப்பா இரண்டு, மூன்று முறைக்கு மேல் வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிட முடியாமல் போனாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, மீட்டர் என்ன காட்டினாலும் சரி, அன்றே கொண்டு போங்கள். போனதும் டியூட்டி டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே 'டாபாகிளிஃப்ளோசின் போடுகிறார், கீட்டோன் பார்க்கணுமா?' என்று கேளுங்கள். அதிகப்பிரசங்கி என்று நினைத்துவிடுவாரோ என்று தயங்க வேண்டாம். ரத்தத்தில் கீட்டோன் பார்ப்பது சிறிய பரிசோதனைதான்.

இந்த நிலை சும்மா இருக்கும்போது வருவது குறைவு. பட்டினி, காய்ச்சல், வயிற்றுப்போக்கில் நீர் வற்றுவது, மது, அறுவை சிகிச்சை, போட்டுக்கொண்டிருந்த இன்சுலினைத் திடீரென்று நிறுத்துவது ஆகியவை தூண்டிவிடும். இப்போது புதிதாக ஒரு கூட்டம், இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே பேலியோ, கீட்டோ என்று சோறு இட்லியை ஒரேயடியாக நிறுத்துகிறது. டாக்டரிடம் சொல்லாமல் அதைச் செய்வது நல்ல யோசனையே இல்லை. ஏதாவது ஆபரேஷன் என்று நாள் குறித்தால் மூன்று நாள் முன்னாலேயே இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்போது வயிற்றுப்போக்கு. அதைப் பெரும்பாலும் மெட்ஃபார்மின் தலையில்தான் போடுவோம், நியாயமும் உண்டு: குமட்டல், வயிற்று இரைச்சல், காலையில் இரண்டு, மூன்று முறை போவது எல்லாம் அந்த மாத்திரையின் குணம். புதிதாகத் தொடங்கும்போதோ டோஸ் கூட்டும்போதோ வரும், ஓரிரு வாரங்களில் அடங்கும். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்கு நடுவிலோ முடித்த கையோடோ போட்டால் குறையும். மெல்லக் கரையும் 'எஸ்.ஆர்.' வகைக்கு மாற்றினால் இன்னும் குறையும். ஆனால் அப்பா பல வருடமாக இதைப் போடுகிறார், தொந்தரவு கொஞ்ச நாளாகத்தான். அப்படியென்றால் பழிக்கு மெட்ஃபார்மினை மட்டும் பிடிக்க முடியாது. டோஸ் மாறியதா, ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா, குடலில் வேறு தொந்தரவா என்று பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, எடை குறைந்தாலோ அடுத்த மாதம் வரை தள்ளாதீர்கள்.

நீர் வற்றும் அளவுக்குப் போனால் அவசரம். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, எழுந்தால் தலை சுற்றினால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். அப்போது மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கும், லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அதனால் வாந்தி, பேதி கடுமையாக இருக்கும் நாளில் மெட்ஃபார்மினையும் ஃப்ளோசினையும் நிறுத்திவைப்பது டாக்டர்களே சொல்லும் விதி. சாப்பிடாத நாளில் கிளிமிபிரைடும் கூடாது. அப்பாவுக்கு இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால் ஒன்றை மட்டும் விட முடியாது. கூட்டு மாத்திரைகளின் இந்தத் தொல்லை எனக்கு எப்போதுமே பிடிப்பதில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே அன்றே டாக்டரிடம் பேசி, மறுபடி எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இன்சுலின் போடுபவர்கள் உடம்பு சரியில்லாத நாளில் அதை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவு மாறலாம், அதை டாக்டர் சொல்வார்.

நீங்கள் கேட்காத மருந்துகள் பற்றி இரண்டு வார்த்தை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. '-கிளிப்டின்' என்று முடியும் மாத்திரைகளோ, செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற வார ஊசிகளோ போடுபவர்களுக்கு மேல் வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பாய்ந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும். பயோகிளிட்டசோன் போடுபவருக்குக் கால் வீங்கி, ஒரு வாரத்தில் எடை கூடி, படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். எந்த மருந்தாக இருந்தாலும் உதடு, முகம் வீங்கி மூச்சு அடைத்தால் 108. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போட்டவருக்குப் பாதம் மரத்துப்போனால் அதைச் சர்க்கரை நோயின் நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாமல் வைட்டமின் பி12 அளவையும் ஒரு முறை பார்க்கலாம். இதற்கு அவசரம் இல்லை.

அடுத்தது அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது. பயம் புரிகிறது, ஆனால் இதில் பலனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. விட்ட நாளில் சர்க்கரை ஏறும், போட்ட நாளில் திடீரென இறங்கும். டாக்டருக்கு இது தெரியாமல் ரிப்போர்ட்டில் கூடியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் டோஸை இன்னும் கூட்டிவிடுவார். போகும்போது எந்தெந்த நாள் விட்டார் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அதோடு மாத்திரைகளைப் பையோடு கொண்டு போங்கள், சீட்டு மட்டும் போதாது. கடையில் பத்து மாத்திரையை நாலு, ஆறு என்று கத்தரித்துத் தரும்போது பெயர் அச்சடித்த துண்டு பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வீட்டில் இருப்பது பெயரில்லாத வெள்ளித்தாள். முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். பையைக் கொட்டிப் பார்ப்பதில் இன்னொரு பயன்: 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரையையும், தனியார் டாக்டர் எழுதிய மாத்திரையையும் சேர்த்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். நிறம் வேறு, பெயர் வேறு, உள்ளே ஒரே மருந்து. விடியற்காலைத் தாழ்சர்க்கரைக்கு அப்படி ஒரு காரணம் கிடைத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். சிறுநீர்த் தொற்று என்று லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். கிளிமிபிரைடோடு சேரும்போது சர்க்கரையை இறக்கிவிடும். இந்த முறை கிரியாட்டினின் பரிசோதனையும் கேளுங்கள். மூன்று மருந்தின் அளவும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கடைசியாக விரதம். இப்போது இருக்கும் மாத்திரைகளோடு ஆறு நாள் உபவாசம் வேண்டாம். கிளிமிபிரைடு ஒரு பக்கம் சர்க்கரையை இறக்கும், ஃப்ளோசின் இன்னொரு பக்கம் கீட்டோனைக் கூட்டும். அதற்காக அப்பாவிடம் முருகனை விட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் சொன்னால், எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று பார்த்து, வேளை தவறாமல் பாலும் பழமும் பலகாரமுமாக இருக்கும்படி ஏதாவது வழி சொல்வார். சர்க்கரை அடிக்கடி இறங்கிக்கொண்டிருந்தால் இந்த வருடம் அதுவும் வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சூரசம்ஹாரம் அன்று கோயிலுக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று இருக்கட்டும்.